இந்தக் கையெழுத்து யாருடையது?

அத்தியாயம் 14

தப்பு கேப்டன் மேல்தான் என்று அரசாங்க அறிக்கை வந்து அன்றோடு ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில், அறிக்கையை நம்பியவர்களை ஊருக்குள் விரல் விட்டு எண்ணிவிடலாம். முடிவெட்டும் கடையில் நம்பவில்லை. பேருந்தில் நம்பவில்லை. தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற விமானிகள் நம்பவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரோடு ஒரு விமானம், ஓடுதளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மழை ஈரம் காயாத வெட்டவெளியில் விழுந்தது. பதினான்கு மாதம் விசாரித்து, இருநூற்றுப் பத்துப் பக்கம் அச்சடித்து, கடைசியில் அவர்கள் சொன்ன காரணம் ஒரே வரி: இறங்கும்போது வேகம் குறைந்ததை விமானி கவனிக்கவில்லை.

"கவனிக்கலையாம்!" என்றார் மாமனார், இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் கழுத்தில் அழுத்தியபடி. "காருக்குள்ள ஈ பறந்தாக்கூட ஓரமா நிறுத்தி அதை வெளிய விட்டுட்டுப் போறவன் என் புள்ள. அவன் கவனிக்கலையாம்."

கேப்டனின் மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று மாமனாருக்கு. மூன்றாவது டப்பா பதினான்கு மாதமாக அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்தது.

"முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டினேன்மா. பிரேக் பிடிக்கலையா, டிரைவர். ரோட்டுல பள்ளமா, டிரைவர். குறுக்க ஒரு குடிகாரன் விழுந்தானா, அதுக்கும் டிரைவர். சரி, தரையிலதான் இப்படின்னு நெனச்சேன். மேல போனாலும் அதே கதைதான். அதுலயும் செத்த டிரைவர்னா இன்னும் வசதி. எதிர்த்துப் பேசமாட்டான் பாரு."

"சட்டை தீயுது மாமா."

"தீயட்டும்" என்றார். ஆனாலும் பெட்டியை எடுத்துவிட்டார்.

அன்று மாலை மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம். விபத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஒரு கணக்கு வாத்தியார்தான் கூட்டுகிறார். அறிக்கையை முதலில் சந்தேகப்பட்டவரும் அவர்தான். கேப்டன் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க வீட்டுக்காரர்தான் என் குடும்பத்தைக் கொன்னாருன்னு எழுதியிருக்காங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், விடை வரல" என்று சொன்ன மனிதர். அன்று முதல் அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி.

இன்று மேடையில் அவள் பேச வேண்டும். அதற்குத்தான் மாமனார் வெள்ளைச் சட்டையை இப்படித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. தம்பி.

தம்பிக்கு வீட்டில் நட்டு என்று பெயர். ஆறு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பூட்டினான். பாட்டு வந்தது, ஆனால் கையில் நான்கு நட்டு மிச்சம் இருந்தது. அன்று ஒட்டிய பெயர். கழற்றிக் கழற்றியே வளர்ந்தவனைக் கேப்டன்தான் விமான மெக்கானிக் படிப்பில் சேர்த்தார், அவர் கம்பெனியிலேயே வேலையும் வாங்கித் தந்தார்.

"அக்கா, இன்னைக்குக் கூட்டத்துக்குப் போகாத."

"ஏன்டா? கம்பெனியில ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. போகாதேன்னா போகாத. செத்தவரை எதுக்குத் தெருவுல இழுக்கணும்?"

"தெருவுல இழுத்தது நானா? அறிக்கை எழுதினவங்களா?" என்றாள். "உனக்கு வேலை போயிடும்னு பயமா இருந்தா வராத. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

தம்பி போனை வைத்துவிட்டான்.

*

அவளுக்கு அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஊசியும் பஞ்சுமாகத் தலை நிமிர நேரமிருக்காது. அதன் பிறகு முடிவுகளைச் சரிபார்த்து, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடவேண்டும். பதினாறு வருடமாக, கண்ணால் பார்க்காத எண்ணுக்குக் கீழே அவள் கையெழுத்து விழுந்ததில்லை. "அக்கா கையெழுத்துப் போட்டா டாக்டர் மறுபடி டெஸ்ட் எழுத மாட்டாரு" என்பது அந்தக் கூடத்தில் நிரந்தரப் பேச்சு.

விபத்து நடந்த புதிதில் அவள் வரிசையில் ஆள் நிற்காது. பக்கத்து வரிசை வாசல் வரை நீண்டிருக்கும். அவள் நாற்காலி காலியாக இருக்கும். ஒரு கிழவர் கையை நீட்டிவிட்டு, யாரோ காதில் ஓதியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஊசி நுனி அவள் விரலில்தான் இறங்கியது.

இப்போது எல்லாம் தலைகீழ். அவள் வரிசைதான் நீளம்.

"உன் புருஷன் மேல தப்பில்லம்மா. எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு அம்மாள் முழங்கையை நீட்டினாள். "விடாத. யாரு என்னன்னு கிழிச்சுடு."

"கையை இறுக்கி மூடுங்க" என்றாள் அவள். வேறென்ன சொல்வது? போன வருடம் ஒதுங்கியதும் இதே ஊர், இந்த வருடம் ஒட்டிக்கொள்வதும் இதே ஊர். இரண்டுக்கும் நடுவில் அவள் வாழ்க்கை என்னவோ ஒரே மாதிரிதான் காலியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கணக்கு வாத்தியார் வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில், கடைசி வரியில் விடை கிடைத்தவரின் வெளிச்சம்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் வெளிய வா."

மருந்து வாங்கும் வரிசைக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்றார்கள். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? கடைசி நாற்பத்தோரு விநாடியில உன் வீட்டுக்காரர் மூணு தடவை வேகத்தை வாய்விட்டுப் படிச்சிருக்காரு. ஒலிப்பதிவுல இருக்கு. படிச்சவரு எப்படிக் கவனிக்காதவரு ஆவாரு? அவரு பார்த்தாரு. வேகம் காட்டுற முள்ளுதான் பொய் சொல்லிச்சு. விமானத்தோட மூக்குப் பக்கத்துல விரல் நீளத்துக்கு ஒரு குழாய் இருக்கும், அதுல காத்து புகுந்துதான் வேகம் தெரியும்னு சொன்னேன் இல்ல? அது அடைச்சிருந்தா முள்ளு தன் இஷ்டத்துக்குக் காட்டும்."

"சொன்னீங்க அண்ணா. ஆனா ஆதாரம் இல்லேன்னு..."

"இப்ப இருக்கு." தாளை விரித்தார். "விமானத்தோட பழுதுப் புத்தகம். எரிஞ்சுபோச்சுன்னு அறிக்கையில எழுதினாங்களே, அதோட நகல். யாரோ தபால்ல அனுப்பியிருக்காங்க, பேர் போடாம. முந்தின பயணத்துல ஓட்டிட்டு வந்த பைலட் எழுதியிருக்காரு, படி."

அவள் படித்தாள். இடது பக்க வேகமுள் தடுமாறுகிறது.

"கீழ படி."

குழாய் சுத்தம் செய்து சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது.

அதற்கும் கீழே பெயர் முத்திரை. மை இழுத்துக் கறுப்புத் தீற்றலாகக் கிடந்தது. ஆனால் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. கடைசி எழுத்தின் வால் பின்னோக்கிச் சுழன்று முதல் எழுத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. அடியில் இரண்டு புள்ளி.

பதினெட்டு வயதில் வங்கிக் கணக்கு தொடங்கப்போகிறேன் என்று அவளுடைய பழைய நோட்டின் பின்பக்கம் முழுக்க அவன் போட்டுப் பழகிய கையெழுத்து அது. "மந்திரின்னு நெனப்பாடா உனக்கு?" என்று அவள்தான் தலையில் குட்டினாள்.

"பார்த்தியா?" என்றார் வாத்தியார். "அந்த எழவெடுத்தவன் குழாயைத் தொட்டுக்கூட இருக்கமாட்டான். தொட்டிருந்தா அடைப்பு தெரிஞ்சிருக்குமே! எவனோ ஒரு சோம்பேறி சுளுவா ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். இங்க நூத்திப் பன்னிரண்டு பேரு..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "யாருன்னு தெரியலை. வேலைப்பட்டியல் கேட்டா கம்பெனி தரமாட்டேங்குது. உன் தம்பி அங்கதானே இருக்கான்? அவன்கிட்ட காட்டிக் கேளேன். அவனுக்கு எல்லாரையும் தெரிஞ்சிருக்கும். தன் அத்தானுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டானா?"

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உனக்கு யாருதுன்னு ஏதாவது..."

"தெரியலை அண்ணா."

"பரவாயில்லை. மூணு மணிக்குத் திரையில பெருசா போட்டுக் காட்டப் போறேன். இத்தனை பேர்ல ஒருத்தனுக்காவது தெரியாமலா போகும்?"

அவர் போன பிறகு அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். முன்னால் முப்பத்தேழு முடிவுத்தாள்கள். ஒன்றில் பேனாவை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். நீல மை ஒரு புள்ளியாக ஊறிப் பரவியது.

"அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

"இதையெல்லாம் நீ பார்த்துப் போடு. நான் கொஞ்சம் வெளிய போறேன்."

*

தம்பி வீடு மருத்துவமனையிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம். மூன்றாவது மாடி. கதவைத் தம்பி மனைவி திறந்தாள்.

"வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"அவன் எங்க?"

கேட்ட தொனியிலேயே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஒதுங்கி நின்றாள்.

அவன் சன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்து மின்விசிறி மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பக்கத்தோட நகல் வந்துடுச்சு" என்றாள்.

அவன் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"குழாயைப் பார்த்தியா?"

"அக்கா..."

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு."

"இல்ல."

சமையலறை வாசலில் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்றான் தம்பி. "ரெண்டு விமானத்துக்கு நான் ஒருத்தன்தான். ஏணி வண்டி அந்தக் கோடியில மாட்டிக்கிச்சு. மேலதிகாரி வந்தாரு. 'இது நாலு மணிக்குக் கிளம்பணும், கையெழுத்தைப் போடு, ராத்திரி திரும்பி வந்ததும் நிதானமா பார்த்துக்கலாம்'னாரு. போட்டேன். நாலு நாள் சும்மா நின்னுட்டு ஒரே ஒரு தடவை போயிட்டு வந்த விமானம் அக்கா. உள்ள குளவி கூடு கட்டியிருக்கும்னு நான் கனவா கண்டேன்?"

"கூடுன்னு எப்படித் தெரியும்?"

"விழுந்த இடத்துல போய்ப் பொறுக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்." தலையைக் குனிந்துகொண்டான். "குழாய் அப்படியே கிடந்துச்சு. உள்ள மண்ணு. மேலதிகாரி வாங்கிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. அப்புறம் அது எங்கயுமே வரல."

பதினான்கு மாதம்! வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தான். குழாயடியைப் பழுது பார்த்தான், மாமனாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனான். அத்தான் மேல் பழி வந்தபோது அவளோடு சேர்ந்து அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்பதுதான் இப்போது தாங்க முடியாததாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான்.

"சொல்லு."

"கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி அத்தான் போன் பண்ணாரு. 'நட்டு, முள்ளு தடுமாறுதுன்னு எழுதியிருக்கே, பார்த்தியாடா?'ன்னு கேட்டாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பார்த்துட்டேன் அத்தான்னு சொன்னேன். சிரிச்சாரு. 'வேற எவன் கையெழுத்தா இருந்தாலும் நான் இறங்கி வந்து பார்த்திருப்பேன்டா. உன்னோடதாப் போச்சு'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம்..."

"போதும்."

"அடிச்சுடு அக்கா. கொன்னு போட்டாலும் சரி."

"அடிச்சா உனக்குப் பாரம் குறைஞ்சிரும்" என்றாள் அவள். "அந்த உபகாரத்தை நான் பண்ண மாட்டேன். மூணு மணிக்குக் கூட்டம். உன் கையெழுத்தைத் திரையில போட்டு யாருதுன்னு கேட்கப் போறாங்க. வந்து நீயே சொல்லு."

"என்னால முடியாது. அந்த வாத்தியார் முகத்தைப் பார்த்து எப்படி..."

"என் முகத்தைப் பார்க்க முடிஞ்சுதே! வாரா வாரம்."

அவள் திரும்பி நடந்தாள். தம்பி மனைவி வாசல் வரை பின்னாலேயே வந்தாள். கண்ணில் நீர் இல்லை. பயம்தான் முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணி, எனக்குச் சத்தியமா தெரியாது அண்ணி."

"தெரியும்" என்றாள் அவள், "உனக்குத் தெரியாதுன்னு."

*

கூட்டம் நடந்த மண்டபத்துக்கு ஏழெட்டுப் படி. மாமனார் தேய்த்த சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு முதல் படியிலேயே காத்திருந்தார்.

"எங்கம்மா போயிட்டே? முன் வரிசையில நமக்கு இடம் போட்டிருக்காரு வாத்தியார். ஏதோ பெரிய ஆதாரம் கிடைச்சிருக்காம். என் புள்ள பேரு இன்னையோட சுத்தமாயிடும்னாரு."

அவரை உள்ளே போகவிட்டு, ஒலிபெருக்கியில் கேட்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அங்கேயே நிறுத்திச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தம்பி சொன்ன வரிசையிலேயே, கடைசிப் போன் வரைக்கும் சொன்னாள்.

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். தேய்த்த சட்டை மடங்குவதைக் கவனிக்கவில்லை. உள்ளே போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என் புள்ள பெட்டியைத் தூக்கினவங்கள்ல அவனும் இருந்தான்" என்றார்.

"ஆமா மாமா."

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. வலது பக்கம்."

"ம்." கைத்தடி இல்லாதவர், படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தார். "நீ சொல்லப் போறியா?"

"சொல்லணும் மாமா."

"கூடப் பிறந்தவன்."

"ஆமா."

"நீ சொல்லாட்டி நான் சொல்லிடுவேன். அதுக்காகக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனார்.

மண்டபம் நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆட்கள். மூன்று கேமராக்கள். கடைசி வரிசையில் கம்பெனியிலிருந்து வந்த, டை கட்டிய ஒரு ஆசாமி, கேட்க வந்தவரைப் போலில்லாமல் தலை எண்ண வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் வகுப்பெடுப்பது போலத்தான் பேசினார். நாற்பத்தோரு விநாடி. மூன்று தடவை. பொய் சொன்ன முள். பிறகு திரையில் அந்தப் பக்கம் விரிந்தது. வால் சுழன்ற கையெழுத்து ஆள் உயரத்துக்கு நின்றது.

"இந்தக் கையெழுத்து யாருடையது? இதைத்தான் அரசாங்கம் கேட்டிருக்கணும். கேட்கல. நாம கேட்போம். இங்க யாருக்காவது தெரியுமா?"

அவள் வாசலைப் பார்த்தாள். யார் யாரோ நின்றார்கள். தம்பி இல்லை.

எழுந்து மேடைக்குப் போனாள். அவள் எழுந்ததுமே கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அது அடங்கும் வரை நிற்க வேண்டியிருந்தது. அதுதான் அந்த நாளிலேயே கொடுமையான அரை நிமிடம்.

"மத்தியானம் அண்ணன் என்கிட்ட இதைக் காட்டினாரு. தெரியாதுன்னு சொன்னேன். பொய் சொன்னேன்" என்றாள். "இது என் தம்பி கையெழுத்து."

திரும்பித் திரையில் நின்ற கையெழுத்தைக் காட்டினாள்.

"குழாயை அவன் பார்க்கல. பார்க்காம போட்டான். அவன்தான் போட்டான்னு நம்பித்தான் என் வீட்டுக்காரர் விமானத்தை எடுத்தாரு. ஆனா போடச் சொன்னது அவனோட மேலதிகாரி. விழுந்த இடத்துல குழாயை எடுத்து ஒளிச்சதும் அவர்தான். அவரையும்..."

அதற்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை.

"குடும்பமே சேர்ந்து கொன்னிருக்காங்கடா!" என்று நடுவிலிருந்து ஒரு குரல். "மாமனும் மச்சானும் வெச்ச வேட்டு!" என்று இன்னொன்று. காலையில் முழங்கையை நீட்டிய அம்மாள் எழுந்து நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றுவது போலக் காற்றில் வீசினாள். யாரோ ஒருவன் நாற்காலியை உதைத்தான். மேலதிகாரி என்ற சொல் கூச்சலுக்கு அடியில் நசுங்கிப் போனது. டை கட்டிய ஆசாமி மட்டும் போனைக் காதில் வைத்தபடி, யாரையும் இடிக்காமல், வெளியே நழுவினார்.

வாத்தியார் அவள் பக்கத்தில்தான் நின்றார். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவை போலத் தவித்தன.

"அண்ணா..." என்றாள்.

"நீங்க கீழ போய் உட்காருங்க" என்றார் அவர்.

ஒன்பது நாளாக வாய் நிறைய 'நீ' என்று கூப்பிட்ட மனிதர்.

*

அரை மணி கழித்து, மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவளும் மாமனாரும் நின்றிருந்தார்கள். முன்வாசல் வழியாகப் போக முடியவில்லை. அவள் தோளில் யாரோ எறிந்த தண்ணீர் பாட்டிலின் ஈரம்.

மாமனாரின் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி அதற்குள் அறிக்கை விட்டுவிட்டது. ஒரு தனிப்பட்ட ஊழியரின் கடமை தவறிய செயல் குறித்து ஆழ்ந்த வருத்தம். அவர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்த விமானியின் நெருங்கிய உறவினர் என்பது குறிப்பிடத்தக்கது.

"பதினாலு மாசம் வாயைத் திறக்காதவங்க" என்றார் மாமனார், "இருபது நிமிஷத்துல எவ்வளவு அழகா எழுதிட்டாங்க பாரு. நேத்து வரைக்கும் என் புள்ள ஒருத்தன். இன்னைக்கு உன் தம்பி ஒருத்தன். இவங்களுக்கு எப்பவும் ஒருத்தன் போதும்."

அப்போதுதான் தம்பி மனைவி ஓடி வந்தாள். செருப்பு வேறு வேறு ஜோடி.

"அண்ணி, அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரு? போலீஸா?"

"இல்ல, அவரோட மேலதிகாரி. காரோட வந்தாரு. 'நீயா போய் எழுதிக் கொடுத்துட்டா தண்டனை குறையும், வக்கீல் நான் வெச்சிருக்கேன், குடும்பத்தைக் கம்பெனி பார்த்துக்கும்'னு தோள்ல கை போட்டுப் பேசினாரு. இவரு ஆடு மாதிரி தலையாட்டிட்டு ஏறிட்டாரு." மூச்சு விட்டாள். "அந்த மேலதிகாரி சொல்லச் சொல்ல இவரு எழுதறதா பேச்சு. அதுல அந்த ஆள் பேரு எங்க அண்ணி வரப் போகுது? எல்லாத்தையும் இவரு தலையிலேயே கட்டிட்டு..."

"எந்த ஸ்டேஷன்?"

"விமான நிலைய ஸ்டேஷன்."

அவள் சாலைக்கு ஓடி ஒரு வாடகைக் காரை மறித்தாள். கதவைத் திறந்து பிடித்தபடி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், பறித்தவனைக் காப்பாற்ற வா என்று எந்த வாயால் கேட்பாள்?

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமா. நாங்க..."

அவர் நடந்து வந்து முன்சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"அவனைக் காப்பாத்த நான் வரல" என்றார் திரும்பிப் பார்க்காமல். "அவன் முகத்துல முழிக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல. ஆனா அவன் தனியா மாட்டினான்னா மத்தவன் அத்தனை பேரும் தப்பிச்சிருவான். அதுக்கு வரேன். எடுப்பா வண்டியை."

வண்டி கிளம்பியது. அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓயப் போகிறது என்று நினைத்த நேரத்தில் எடுக்கப்பட்டது.

"நட்டு, எதுவும் எழுதாத. நான் வந்துக்கிட்டே..."

"வணக்கம்மா" என்றது ஒரு குரல். பழக்கமில்லாத, மிகவும் மரியாதையான, அவசரமே இல்லாத குரல். "தம்பி இப்பதான் எழுத உட்கார்ந்திருக்காப்ல. முடிச்சதும் நானே பேசச் சொல்றேன். நீங்க கவலைப்படாதீங்க."

போன் வைக்கப்பட்டது. அவள் மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை மணி அடிக்கவே இல்லை.